மனோவியாதியும் நாடக சிகிச்சையும்

மன ஆலோசனை என்பது பேச்சினால் செய்யப்படும் வைத்தியம். துன்பப்படுகிறவர் தமது துன்பத்தைச் சொல்ல வேண்டும். கேட்கிறவர் பொறுமையுடன் கேட்டு, நெஞ்சில் சிக்குண்டு கிடப்பதைச் சிறிது சிறிதாக அவிழ்ப்பதற்குத் துணை செய்ய வேண்டும். இம்முறையினால் எத்தனையோ பேர் க்ஷேமமடைந்திருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் சொல்வதற்கு வார்த்தையே வராதவருடைய கதி என்ன? யுத்தகளத்தில் தன் தோழன் துண்டு துண்டாகச் சிதறுவதைக் கண்டு திரும்பிய சிப்பாய், புருஷனிடம் அடிபட்டு அதை வெளியில் சொல்வதே பாவமென்று வளர்க்கப்பட்ட ஸ்திரீ, வீட்டுப் பெரியவர் ஒருவராலேயே கெடுக்கப்பட்ட குழந்தை ஆகிய இவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, மனத்திலிருப்பதைச் சொல் என்று கேட்டால், அவர்கள் தரையைப் பார்த்துக் கொண்டிருப்பார்கள். அடுத்த வாரம் வரமாட்டார்கள். ஆலோசகரும் தமது குறிப்பேட்டில், ஒத்துழைக்கவில்லை என்று எழுதி மூடிவிடுவார்.

இப்படிப்பட்டவர்களுக்காகவே ஏறக்குறைய நூறாண்டுகளாக மேல்நாடுகளில் வளர்ந்து வந்திருக்கும் ஒரு முறையைப் பற்றி இன்று எழுத விரும்புகிறோம். நாடக சிகிச்சை என்ற பெயரைக் கேட்டவுடன், வியாதியஸ்தர்களை உற்சாகப்படுத்துவதற்காக ஆஸ்பத்திரியில் கச்சேரியும் நாடகமும் நடத்துவது போலும் என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். அது வேறு, அதுவும் நல்லதுதான். நாம் கூறுவது, பயிற்சி பெற்ற ஒருவருடைய மேற்பார்வையில் துன்பப்படுகிறவரையே ஒரு பாத்திரமேற்று நடிக்கச் செய்து, நடித்து முடிந்த பின் அதில் எழுந்த உணர்ச்சிகளை அவரோடு இருந்து பேசித் தெளிவிக்கும் முறை. 'நடித்து முடிந்த பின்' என்ற பகுதியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நாடகத்தையும் ஆலோசனையையும் ஒன்றாகக் கட்டினால்தான் இது சிகிச்சை. ஆலோசனை தனியே நின்றால் பலரிடம் அது ஊமையாகிவிடுகிறது. நாடகம் தனியே நின்றாலோ கெடுதலே விளையக்கூடும்.

கெடுதல் என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறோம். பாரிஸுக்கு அருகில் ஷாரந்தோன் என்னுமிடத்தில் மனோவியாதியஸ்தர்களுக்கான விடுதி ஒன்று இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் நிர்வாகியாயிருந்த கூல்மியே என்னும் துறவி இரக்க சிந்தையுள்ளவர். சங்கிலியும் சாட்டையுமே மருந்தென்று உலகம் நம்பிய காலத்தில், அவர் விடுதிக்குள் ஓர் அரங்கம் கட்டி, உள்ளே இருந்தவர்களைக் கொண்டே நாடகங்கள் போடச் செய்தார். அவற்றை நடத்தும் பொறுப்பு, அங்கே அடைபட்டிருந்தவரும் ஆபாச நூல்களை எழுதி ஐரோப்பா முழுவதும் பெயர் கெட்டவருமான மார்க்கி த சாத் என்பவரிடம் விடப்பட்டது. பாரிஸ் சீமான்களும் சீமாட்டிகளும் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். தலைமை வைத்தியரான ருவாயே கொலார் 1808-ல் இதைப் பற்றி மந்திரிக்குப் புகார் எழுதினார். 1813-ல் நாடகங்கள் நிறுத்தப்பட்டன. பிற்காலத்தில் அதே விடுதியின் தலைமை வைத்தியரான எஸ்கிரோல், இவற்றால் வியாதியஸ்தர் எவரும் குணமடையவில்லை என்று கண்டித்தார். கூல்மியேயின் இரக்கத்தில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் மறுநாட் காலையில் அந்த நடிகன் பக்கத்தில் உட்கார்ந்து, நேற்று இரவு உனக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதற்கு அங்கே ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. சபையில் இருந்தவர்களே பயனடைந்தார்கள். அவர்களுக்குப் பொழுது போயிற்று.

இம்முறைக்குச் சாஸ்திர உருவம் கொடுத்தவர் ஜேக்கப் மொரேனோ என்னும் வைத்தியர். 1889-ல் ருமேனியாவில் பிறந்து, வியன்னாவில் வைத்தியம் படித்தவர். 1920-களின் தொடக்கத்தில் அந்நகரத்தில் ஒரு சிறு அரங்கம் நடத்தி வந்தார். அங்கே எழுதிய நாடகம் கிடையாது. நடிகர்கள் அவ்வப்போது தோன்றியதை நடிப்பார்கள். அந்த அரங்கத்தின் நடிகை ஒருத்தியைப் பற்றி மொரேனோ எழுதி வைத்திருக்கும் செய்தி இத்துறையில் யாவரும் அறிந்தது. மேடையில் சாந்த ஸ்வரூபிகளையும் தெய்வத்தன்மை வாய்ந்த கன்னியரையுமே நடித்து ஜனங்களின் மனத்தைக் கவர்ந்த அவள், வீட்டுக்குப் போனால் கணவனைத் திட்டவும் அடிக்கவும் செய்கிறாள் என்று அந்தக் கணவரே வந்து முறையிட்டார். மொரேனோ அன்று முதல் அவளுக்குச் சண்டைக்காரிகளின் வேஷங்களையும் தெருவில் திரியும் ஸ்திரீகளின் வேஷங்களையும் கொடுத்தார். மேடையில் அவள் கத்தித் தீர்த்தாள். வீட்டில் கோபம் தணிந்தது. பின்னர் கணவரையும் மேடையேற்றி, வீட்டுச் சச்சரவுகளையே இருவரும் நடித்துக் காட்டும்படி செய்தார். மனோநாடகம், அதாவது சைக்கோடிராமா, அதிலிருந்தே பிறந்தது என்பது அவர் கூற்று.

கதை இவ்வளவோடு நின்றால் இனிமையாக முடிந்துவிடும். மேடைப் பிரசங்கங்களில் இதைச் சொல்கிறவர்கள் இவ்விடத்தில்தான் நிறுத்துவது வழக்கம். ஆனால் மொரேனோவின் ஜீவிய சரித்திரத்தை ஆராய்ந்தவர்கள் மேலும் ஒரு செய்தி கூறுகிறார்கள். கவியான அந்தக் கணவர் 1929-ல் தற்கொலை செய்துகொண்டார். மொரேனோ அதற்கு நான்கு வருஷங்களுக்கு முன்பே அமெரிக்காவுக்குக் குடியேறிவிட்டார். மேடையில் நடந்ததே அந்த மரணத்துக்குக் காரணமென்று கூறுவது அநியாயமாகும். அவ்வாறு கூற ஆதாரமும் இல்லை. மனைவிக்குக் கோபம் தணிந்த கதையை எழுதிய பேனா, கணவருக்கு என்ன ஆயிற்று என்று எழுதவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. மேடையில் ஒருவரைத் திறந்துவிட்ட பிறகு, அவரோடு கூட நடக்க ஒருவர் வேண்டும். வருஷக் கணக்கில்கூட வேண்டியிருக்கும்.

மொரேனோவும் இதைப் பின்னால் நன்கு உணர்ந்தார் என்றே கொள்ளலாம். 1936-ல் நியூயார்க் ராஜ்யத்திலுள்ள பீக்கன் என்ற ஊரில் அவர் ஸ்தாபித்த சிகிச்சை நிலையத்தில் அரங்கமும் இருந்தது, வைத்தியமும் இருந்தது. அவர் வகுத்த முறை மூன்று கட்டங்கள் கொண்டது. முதலில், கூடியிருப்பவர்களின் கூச்சமும் பயமும் நீங்கும்படி உடலையும் மனத்தையும் பதப்படுத்துவார்கள். இரண்டாவது, நடிப்பு. இங்கே சில உபாயங்கள் உண்டு. மகன் தந்தையோடு தர்க்கம் செய்கிறான் என்றால், பாதியில் நிறுத்தி, இருவரும் இடம் மாறவேண்டும். மகன் தந்தையாகி, தன்னுடைய கேள்விக்குத் தானே விடை சொல்ல வேண்டும். இதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் இதன் வேகம் தெரியும். இருபது வருஷம் தந்தையைத் தூற்றியவன் தந்தையின் நாற்காலியில் உட்கார்ந்தவுடன் வாயடைத்துப் போகிறான். மற்றொரு உபாயம், துன்பப்படுகிறவனின் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நின்று, அவன் சொல்லத் துணியாததைச் சொல்லிப் பார்ப்பது. சரியென்றால் அவன் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்வான், தவறென்றால் மறுப்பான். மூன்றாவது கட்டத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். அப்போது எவரும் உபதேசம் செய்யக் கூடாது. வியாதியின் பெயரைச் சொல்லக் கூடாது. அந்தக் காட்சி தம் சொந்த வாழ்க்கையில் எதை நினைப்பூட்டியது என்று மட்டுமே சொல்லலாம். உபதேசம் செய்யாமல் நமது ஜனங்களை அரைமணி நேரம் உட்கார வைக்க முடியுமா என்று யாராவது கேட்டால், கஷ்டம்தான் என்று ஒப்புக்கொள்கிறோம். பயிற்சி என்பது அதற்குத்தான்.

மனோநாடகத்துக்கும் இன்று நாடக சிகிச்சை என்று சொல்லப்படுவதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. முன்னதில் மனிதன் தன் சொந்தக் கதையை நடிக்கிறான். பின்னதில் பெரும்பாலும் வேறொருவனுடைய கதையை நடிக்கிறான். நியூயார்க் சர்வகலாசாலையில் இக்கல்வியை நிறுவிய ராபர்ட் லாண்டி என்பவர் இதை 'தூரம்' என்ற சொல்லால் விளக்கினார். துன்பத்துக்கு மிக அருகில் நிற்பவன் அதில் மூழ்கிப் போகிறான். மிகத் தொலைவில் நிற்பவனுக்கு ஒன்றும் உறைப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே, அழவும் முடிந்து யோசிக்கவும் முடிந்த ஓரிடத்தில் அவனை நிறுத்துவதே சிகிச்சையாளரின் வேலை. நமது வாசகர்களுக்கு இதை விளக்க அந்நிய உதாரணம் தேவையில்லை. தாயாற் கைவிடப்பட்டு வளர்ந்த வாலிபன் ஒருவனை அவன் தாயைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பான். கர்ணனாக நின்று, எதிரே நிற்கும் குந்தியைக் கேட்க வேண்டியதைக் கேள் என்று சொல்லுங்கள். அவன் கேட்கிற கேள்விகள் வியாச பாரதத்தில் இரா, அவனுடையவையாகவே இருக்கும். ஆனால் கர்ணன் கேட்டதாக அவன் நினைத்துக்கொள்ளலாம். அந்தச் சலுகைதான் அவனைப் பேச வைக்கிறது. பிற்பாடு, வேஷத்தைக் கலைத்து, கர்ணன் இங்கே நிற்கட்டும், நீ வா என்று அழைத்து, கேள்விகளில் எவை உன்னுடையவை என்று மெதுவாகப் பிரித்துக் காட்டுவது ஆலோசகரின் பங்கு. வேஷம் கலைப்பதைச் செய்யாமல் வீட்டுக்கு அனுப்பினால், அவன் கர்ணனுடைய அம்புகளையும் சுமந்துகொண்டே போவான்.

பழைய கதைக்கு இத்தகைய சக்தி உண்டென்பதைச் சமீப காலத்தில் அமெரிக்கப் பட்டாளமே சோதித்துப் பார்த்தது. இராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் போரிட்டுத் திரும்பியவர்கள் தூக்கமின்றியும் குடித்தும் குடும்பத்தைப் பிரிந்தும் தற்கொலை செய்துகொண்டும் அழிந்து வந்த காலம் அது. வைத்தியரிடம் போவதைச் சிப்பாய் கோழைத்தனமாக எண்ணினான். 2008-ல் பிரையன் டோரிஸ் என்ற நாடக இயக்குநர், சான் டியேகோ நகரில் சுமார் 400 கடற்படைச் சிப்பாய்களையும் அவர்களுடைய மனைவிமார்களையும் கூட்டி, சோபோக்ளிஸ் எழுதிய நாடகங்களிலிருந்து சில காட்சிகளை நடிகர்களைக் கொண்டு வாசிக்கச் செய்தார். அவற்றுள் ஒன்று அஜாக்ஸ் என்ற வீரனின் கதை. அவமானத்தால் சித்தம் கலங்கி, ஆட்டு மந்தையைப் பகைவரென்று எண்ணி வெட்டி, தெளிந்த பின் தன் வாளிலேயே விழுந்து சாகிறான் அவன். சோபோக்ளிஸ் வெறும் கவியல்ல. ஆதென்ஸின் சேனாபதிகளில் ஒருவராகவும் இருந்தவர். வாசிப்புக்குப் பின் முக்கால் மணி நேரம் பேசலாம் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். பேச்சு மூன்று மணி நேரத்துக்கு மேல் நீண்டது. அஜாக்ஸைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டே அவர்கள் தங்களைப் பற்றிப் பேசினார்கள். மறு வருஷம் பட்டாள இலாகாவே இந்நிகழ்ச்சியைப் பல முகாம்களில் நடத்தப் பணம் கொடுத்தது. இதைச் சிகிச்சை என்று கூறுவதற்கில்லை; சிகிச்சையின் வாசலைத் திறப்பது என்று கூறலாம். உள்ளே ஆலோசகர் இருந்தால்தான் வாசலைத் திறந்ததற்குப் பயனுண்டு.

இதற்கெல்லாம் சாஸ்திரீயமான ருசு உண்டா என்று வைத்தியர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். சித்தப்பிரமை என்று நாம் சொல்லும் ஸ்கிசோப்ரினியா வியாதிக்கு நாடக சிகிச்சை எவ்வளவு பயன்படுகிறது என்பதை, வைத்திய ஆராய்ச்சிகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் ஸ்தாபனம் 2007-ல் பரிசீலித்தது. உலகம் முழுவதும் தேடியும் முறையாகச் செய்யப்பட்ட ஆராய்ச்சிகள் ஐந்துதான் அகப்பட்டன; அவற்றில் கலந்துகொண்டவர்கள் மொத்தம் 210 பேர். நன்மையா தீமையா என்று உறுதியாகக் கூற இது போதாது, மேலும் ஆராய வேண்டும் என்பது அதன் முடிவு. இம்முறையின் அபிமானிகள் பலர் இந்த அறிக்கையைப் பற்றி வாய் திறப்பதில்லை. நாம் அதை மறைக்க விரும்பவில்லை. சித்தப்பிரமைக்கு மருந்து தேவை. மருந்தை நிறுத்திவிட்டு நாடகம் ஆடு என்று சொல்கிறவன் கொலைக்குச் சமமான காரியம் செய்கிறான். துக்கமும் பயமும் அவமானமும் உள்ளே உறைந்து கிடப்பதனால் வரும் நோய்களிலும், மருந்தினால் தெளிந்தவர்கள் மறுபடி மனிதரோடு பழகக் கற்பதிலும்தான் நாடகத்துக்கு இடமுண்டு என்பது நமது அபிப்பிராயம். அந்த இடமே போதுமான அளவு பெரியது.

தமிழ் மக்களிடையே இது ஆகுமா என்று கேட்பவர்களுக்கு இலங்கையைக் காட்டுகிறோம். 1983 முதல் 2009 வரை அங்கே நடந்த யுத்தம் தமிழ்ப் பிரதேசங்களில் தொடாத வீடில்லை. யாழ்ப்பாணத்தில் மனோவைத்தியராகப் பணிபுரிந்த டாக்டர் தயா சோமசுந்தரம், தாம் கண்டவற்றைத் 'தழும்பேறிய மனங்கள்' என்று பொருள்படும் பெயரில் 1998-ல் ஆங்கில நூலாக வெளியிட்டார். காயம் பட்டது தனி மனிதன் மட்டுமல்ல, குடும்பமும் கிராமமும் கூடக் காயம் பட்டிருக்கின்றன. ஆகையால் ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்துப் பேசினால் மட்டும் தீராது. ஊரார் கூடி அழுவதற்கும் நினைவு கூர்வதற்கும் உரிய வழிகளும் வேண்டும் என்பது அவர் இடைவிடாமல் வற்புறுத்தி வந்த கருத்து. அதே யாழ்ப்பாணத்தில் நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் யுத்தத்தால் சிதைந்த மனங்களையே பொருளாகக் கொண்டு 'அன்னை இட்ட தீ' என்ற நாடகத்தை எழுதினார். க. சிதம்பரநாதன் முதலியோர் மேடையை விட்டு இறங்கி, இடம்பெயர்ந்த ஜனங்களிடையே அரங்கச் செயல்களை நடத்தினார்கள். ஒருபுறம் வைத்தியர், மறுபுறம் நாடகக்காரர். ஒருவர் சொல்வதை மற்றவர் காது கொடுத்துக் கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கையும் மருந்தும் ஆளும் பற்றாத ஒரு சிறு நகரத்தில் இது நடந்தது.

மட்டக்களப்பில் நடந்தது இன்னும் விசேஷமானது. ஏசு சபைத் துறவியும் மன ஆலோசனையில் பயிற்சி பெற்றவருமான பாதிரியார் பால் சற்குணநாயகமும், கனடாவிலிருந்து வந்த கலைஞர் பால் ஹோகனும் சேர்ந்து 1996-ல் அங்கே 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா' என்ற ஒன்றை ஏற்படுத்தினார்கள். யுத்தத்தைக் கண்ட குழந்தைகள், தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் ஒன்றாக அழைத்துவரப்பட்டார்கள். அக்கிராமங்கள் ஒன்றையொன்று கண்டு அஞ்சிய காலம் அது. குழந்தைகள் மண்ணில் உருவங்கள் செய்தார்கள், படம் எழுதினார்கள், கதை கட்டினார்கள், கட்டிய கதையை நடித்தார்கள். நீ என்ன கண்டாய் என்று எவரும் அவர்களை விசாரிக்கவில்லை. கதையில் வந்த ராக்ஷசன் யார் என்பது குழந்தைக்குத் தெரியும். கவனித்துக் கொண்டிருந்த ஆலோசகருக்கும் தெரியும். ஒரு நாள் விழாவாக நடத்திப் படமெடுத்துக்கொண்டு போகாமல், அதே குழந்தைகளை மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வரவழைத்தார்கள் என்பதை நமது பொதுஜன ஊழியர்கள் கவனிக்க வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு வார்த்தை. நாடக சிகிச்சையைப் பற்றிப் பேச்செடுத்தாலே, இதெல்லாம் நம் முன்னோர்களிடம் எப்போதோ இருந்தது என்று சிலர் எழுந்துவிடுகிறார்கள். துக்கித்தவருக்கு நாடகம் இளைப்பாறுதல் தரும் என்ற கருத்து பரத முனிவருடைய நூலில் உண்டு, உண்மைதான். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடந்து, படுகளத்தன்று மண்ணாற் செய்த துரியோதனன் மீது பாஞ்சாலி ஏறி நின்று கூந்தல் முடியும்போது, சுற்றி நிற்கும் பெண்கள் ஆவேசம் கொண்டு அலறுவதைத் தொண்டை மண்டலத்தில் பிறந்தவர்கள் கண்டிருப்பார்கள். அந்த அலறலில் பாஞ்சாலியின் துக்கம் எவ்வளவு, அவரவர் வீட்டுத் துக்கம் எவ்வளவு என்று யார் அளக்க முடியும்? வருஷம் முழுவதும் வாய் திறவாதவள் அன்று ஒரு நாள் வாய்விட்டு அழ ஊர் அனுமதிக்கிறது. அது பெரிய காரியம். ஆயினும் மறுநாள் அவள் அதே வீட்டுக்கு, அதே அடிக்குத் திரும்புகிறாள். கூத்து அவளை அழவைத்தது; அவளோடு உட்கார்ந்து பேசவில்லை. பேசுவது கூத்தின் கடமையுமல்ல. ஆகையால், இருந்தது என்று பெருமை கொள்வதற்குப் பதில், இருப்பதோடு இல்லாததைச் சேர்ப்பது எப்படி என்று யோசிப்பதே இப்பொழுது செய்யத்தக்கது.

இல்லாதது எவ்வளவு என்பதைப் பார்ப்போம். பெங்களூரிலுள்ள தேசிய மனநல ஸ்தாபனமான நிம்ஹான்ஸ், 2015-16-ல் 12 ராஜ்யங்களில் விசாரணை நடத்தியது. வயது வந்தவர்களில் நூற்றுக்கு 10.6 பேருக்கு ஏதேனும் ஒரு வகையான மனோவியாதி இருப்பதாக அது கண்டது. வியாதியின் வகைக்கேற்ப, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறவில்லை. மனோவைத்தியர்களோ, லட்சம் ஜனங்களுக்கு ஒருவர் என்ற கணக்குக்குக் கூட எட்டவில்லை. சிகிச்சை இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில், ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் ஒரு தனியார் விடுதியில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் வெந்து மாண்டார்கள். மாண்டவர்கள் 28 பேர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்களல்லர். போக வேறிடம் அறியாத தாய் தந்தையர்.

அதன் பிறகு சட்டங்கள் வந்தன. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் மனோவியாதிக்குச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியது. சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பாராமல், கடுமையான மன உளைச்சலுக்கு ஆளானவரென்றே கொள்ளவேண்டுமென்று விதித்தது. 2022 அக்டோபர் 10-ந் தேதி முதல் 14416 என்ற எண்ணில் டெலிபோன் மூலம் ஆலோசனை பெறவும் சர்க்கார் வசதி செய்திருக்கிறது. இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆனால் உரிமை என்று எழுதியவுடன் ஆள் பிறந்துவிடுவதில்லை. பேசத் தெரிந்தவருக்கு டெலிபோன் உதவும். பேச்சு வராதவருக்கு என்ன ஏற்பாடு?

2021-ல் வைத்தியத்துக்குத் துணையான தொழில்களை முறைப்படுத்த பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. அதன் அட்டவணையில் மன ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சித்திரக் கலை, நடனம், அங்க அசைவு இவற்றால் சிகிச்சை செய்பவர்களும் ஒரு வரியில் இடம் பெற்றிருக்கிறார்கள். நாடகம் என்ற சொல்லைக் காணோம். கூத்தும் தெருநாடகமும் ஜாத்ராவும் நௌடங்கியும் யக்ஷகானமும் பிறந்த தேசத்தின் பார்லிமெண்டு இதை மறந்தது ஆச்சரியமே. நாடகத்தின் வலிமையை வெள்ளைக்கார சர்க்கார் மறக்கவில்லை; 1876-லேயே அதை அடக்கத் தனிச் சட்டம் செய்தார்கள்! பிரிட்டனில் இன்று நாடக சிகிச்சையாளர் என்ற பட்டம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. குறிப்பிட்ட கல்வி பெற்று, அதற்குரிய சபையின் பதிவேட்டில் பெயர் பதிந்தவரன்றி வேறெவரும் அப்பெயரைச் சூட்டிக்கொள்ள முடியாது. இங்கே இரண்டு நாள் பயிற்சி முகாமுக்குச் சென்று வந்தவர் மூன்றாம் நாள் பலகை மாட்டிவிடலாம். தேசத்தில் ஆங்காங்கே சிரத்தையுடன் இப்பணியைச் செய்து வருகிறவர்கள் உண்டு. அவர்களுடைய நற்பெயரைக் காப்பதற்காகவாவது பதிவேடு அவசியம்.

நமது அரசியல் ஊழியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தெருநாடகம் உங்கள் கைவந்த ஆயுதம். மதுவின் கேட்டையும் வரதக்ஷிணையின் கொடுமையையும் பற்றி நீங்கள் போடும் நாடகங்கள் நடக்கட்டும். ஆனால் துன்பத்துக்குள்ளான ஒரு பெண்ணையே கொண்டுவந்து, கூட்டத்தின் நடுவே அவள் கதையை நடிக்கச் செய்து, கைதட்டி, பத்திரிகைக்குப் படம் கொடுக்கும் வழக்கம் ஒன்று ஆரம்பமாகி வருகிறது. அது ஷாரந்தோனின் மறுபிறவி. சிகிச்சை பெறுகிறவரின் ரகசியத்தைக் காப்பது அதே 2017-ம் வருஷத்துச் சட்டம் தரும் உரிமை என்பதை நினைவூட்டுகிறோம். பிரேஸில் தேசத்து நாடகாசிரியர் அகஸ்டோ போவால் உங்களில் பலர் அறிந்தவர். ஒடுக்கப்பட்டோரின் அரங்கம் என்ற இயக்கத்தைக் கண்டவர். ராணுவ ஆட்சியால் நாடு கடத்தப்பட்டு ஐரோப்பாவில் வசித்தபோது, அங்குள்ளவர்கள் போலீஸையும் ஜமீன்தாரையும் பற்றிப் பேசாமல், தனிமையையும் வெறுமையையும் பற்றிப் பேசுவதைக் கண்டு முதலில் அவர் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. பின்னர், போலீஸ்காரன் தெருவில் மட்டுமின்றி மனிதனுடைய தலைக்குள்ளும் நிற்கிறான் என்று கண்டு, 1980-களில் பாரிஸில் அதற்கென்று புதிய முறைகளை வகுத்தார். அரசியல் ஊழியர் ஒருவர் தம் ஆயுதத்தை இவ்வாறு திருத்திக்கொண்டது நம்மவர் கவனத்துக்குரியது.

செய்ய வேண்டியது என்ன? மத்திய சர்க்கார் 2021-ம் வருஷத்து அட்டவணையில் நாடக சிகிச்சையாளரைச் சேர்த்து, கல்வியின் அளவையும் பயிற்சியின் காலத்தையும் நிர்ணயிக்க வேண்டும். அது டில்லியில் நடக்க வேண்டியது, நாளாகும். அதுவரை சென்னை சர்க்கார் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி தேசத்திலேயே மிகப் பழமையானவற்றுள் ஒன்று. அங்கே மனோவைத்தியரும் ஆலோசகரும் தாதிகளும் இருக்கிறார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும், புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் விளங்கும் பள்ளியிலும் நாடகம் கற்றவர்கள் வருஷந்தோறும் வெளிவருகிறார்கள். பலருக்கு வேலை இல்லை. இவ்விரு சாராரும் இதுவரை ஒருவரையொருவர் பார்த்ததில்லை என்றே தோன்றுகிறது. மருந்தினால் தெளிந்து வீடு திரும்பக் காத்திருப்பவர்களுக்காக ஒரே ஒரு வார்டில் ஒரு வருஷம் சோதனையாக இதை ஆரம்பிக்கலாம். வியாதியஸ்தரின் சம்மதம் இல்லாமல் ஒருவரையும் சேர்க்கக் கூடாது, வெளியாருக்கு அனுமதி கூடாது, புகைப்படம் கூடாது, மந்திரிகள் வந்து பார்ப்பதும் கூடாது. ஒவ்வொரு அமர்விலும் ஆலோசகர் கூட இருக்க வேண்டும். மறுநாள் ஒவ்வொருவரையும் தனியே காண வேண்டும். வருஷ முடிவில் குணமானவர்கள் எத்தனை பேர், பாதியில் விலகியவர்கள் எத்தனை பேர், மோசமானவர்கள் எத்தனை பேர் என்று மூன்றையும் மறைக்காமல் எழுதிச் சட்டசபையின் மேஜை மீது வைக்க வேண்டும்.

செலவு என்ன ஆகுமென்று நிதி இலாகா கேட்கும். காற்றோட்டமுள்ள காலி அறை ஒன்று, பாய்கள், நாலைந்து வர்ணத் துணிகள், சில முகமூடிகள், ஒரு மிருதங்கம், ஒரு ஜோடித் தாளம், மூன்று பேருக்குச் சம்பளம்.